இப்ப வருதா?

கனெக்சன் மாமாவை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டிய அவசியம் வந்ததில்லை. புது டிவியின் அட்டைப்பெட்டியை வேனிலிருந்து இறக்கும்போதே எங்கிருந்தோ வந்து ஒரு முனையைப் பிடித்திருப்பார். பெட்டி உள்ளே போனதும் சேறு படிந்த பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ரிமோட்டைக் கேட்பார். அதற்குப் பிறகு அந்த ரிமோட் வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லை.

அவருக்குத் தொழில் காய்கறி லாரி. ராத்திரி கம்போங் ராஜாவில் தக்காளியும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், விடிவதற்குள் கோலாலம்பூர்ச் சந்தையில் இறக்கிவிட்டு, மதியத்துக்குள் மலையேறிவிடுவார். மற்ற டிரைவர்கள் அந்த நேரத்தில் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு தூங்குவார்கள். இவர் யார் வீட்டு டிவிக்குப் பின்னாலாவது தலையை விட்டுக்கொண்டிருப்பார். கூலி வாங்க மாட்டார். கொடுத்தால் கோபம் வரும். தே ஓ மட்டும் குடிப்பார், அதுவும் சீனி குறைவாக, அதுவும் மூன்று தடவை.

இவர் ஒருவர்தான் என்று நினைக்க வேண்டாம். கேமரன் மலையில் லயத்துக்கு ஒருவர் உண்டு. ரிங்லட்டில் ஒருவரைப் ‘புரொபசர்’ என்கிறார்கள். தானா ராத்தாவில் ஒருவர் ‘நாசா’. எல்லாருக்கும் பொதுவான அடையாளம் ஒன்றுதான்: “அஞ்சு நிமிசம் இருங்க” என்பார்கள். எங்கள் மாமாவின் ஐந்து நிமிடத்தில் என் மனைவி ஒருமுறை மீ கோரிங் கிளறி, எல்லாருக்கும் பரிமாறி, சட்டியையும் கழுவி வைத்திருக்கிறாள்.

இந்தப் பரம்பரைக்கு வயது அறுபதுக்கு மேல் ஆகிறது. 1963 டிசம்பர் 28-ஆம் தேதி மலேசியாவில் டிவி ஒளிபரப்பு தொடங்கியது. அதை ஆட்டிப் பார்க்க ஒரு மனிதரும் அன்றைக்கே பிறந்துவிட்டார். மாமாவின் அப்பா அந்த வகை. சுற்றிலும் மலை, நடுவில் லயம், அலை எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. தகரக் கூரை மேல் ஏறி, மூங்கிலில் கட்டிய ஏரியலைத் திருப்பிக்கொண்டே, “வருதா?” என்று கத்துவார். “வரல!” என்று கீழேயிருந்து பதில் வரும். “இப்ப வருதா?” “வந்துச்சு, போச்சு!” தமிழ்ப்படம் போடுகிற நாளில் இந்தச் சத்தம் ஒவ்வொரு கூரையிலிருந்தும் கேட்கும். ஏரியலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்வரை படம் தெளிவாக இருக்கும், கையை எடுத்தால் புள்ளி புள்ளியாகிவிடும். மனிதரே ஏரியலின் ஓர் உறுப்பாகிப்போனதால் கதாநாயகியின் கல்யாணத்தைக் கூரையில் நின்று காதால் மட்டும் கேட்டவர் அவர்.

1996-ல் ஆஸ்ட்ரோ வந்தது, வானவில் வந்தது, கூரை மேல் ‘பிரிங்’ என்கிற தட்டு வந்தது. மழை பெய்தால் படம் போய்விடும். எங்கள் ஊரில் மழை பெய்யாத நேரத்தைச் சொல்வதுதான் சுலபம். 2019 அக்டோபர் கடைசியில் பழைய அனலாக் ஒளிபரப்பையும் நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். ஏரியல் மைனாக்களுக்குப் போனது. கூரையில் வேலையில்லாமல் மாமா கீழே இறங்கி நடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். இடம் மாறினாலும் கேள்வியை அப்பாவிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தபோது மகளுக்காக ஒரு டேப்லட் வாங்கினோம். பள்ளி திறந்ததும் அதற்கு வேலை போனது. வேலையில்லாத எல்லாரையும் போல அதுவும் விளையாட ஆரம்பித்தது: மகள் அதில் ஒரு பண்ணை வைத்திருக்கிறாள், மாடு கோழியெல்லாம் உண்டு. இந்த வருஷம் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போனபோது டேப்லட்டையும் கொண்டுபோய் காவடி, பால்குடம், உறுமி மேளம் எல்லாவற்றையும் அவள் வளைத்து வளைத்துப் பிடித்து வந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பத்து அங்குலத் திரையில் காவடி தெரிகிறது, தூக்குகிறவர் யார் என்று தெரியவில்லை. “இத டிவியில போட முடியாதா?” என்று மனைவி கேட்டாள்.

அவள் கேட்டது என்னை. ஆனால் லயத்து வீடுகளுக்குச் சுவர் உண்டே தவிர, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் வெளி உண்டு. வார்த்தை அந்த வழியாகப் போய் மூன்றாவது வீட்டில் விழுந்திருக்கிறது. வாசலில் பூட்ஸ் கழற்றும் சத்தம் கேட்டது.

“அலமாரியில அந்த எச்டிஎம்ஐ ஒயர் கிடக்குங்க” என்று மனைவி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். மாமாவின் முகம் வாடிவிட்டது. “ஒயர் போட்டா டிவி பாக்கலாம் தங்கச்சி. ஆனா அதுக்குப் பேரு கனெக்சன் இல்ல.”

அவர் பக்கம் ஒரு நியாயமும் இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். டேப்லட்டின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டை எல்லா டேப்லட்டிலும் படத்தை வெளியே விடாது. விலை குறைந்த பலவற்றில் அது சார்ஜ் ஏறுவதற்கும் கோப்புகளை மாற்றுவதற்கும் மட்டும்தான். எங்களுடையது அந்த ஜாதி. ஒயரை வைத்துக்கொண்டு கல்யாணத் தாம்பூலம் கட்டலாம், படம் பார்க்க முடியாது. இதை மாமா எப்போதோ யார் வீட்டிலோ பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

ஆரம்பம் எப்போதும் ப்ளூடூத்தில்தான். தேங்காய் உடைப்பது மாதிரி. ப்ளூடூத் பாட்டைச் சுமக்கும், டிவி அளவுக்கு ஓடுகிற படத்தைச் சுமக்கும் தெம்பு அதற்குக் கிடையாது என்று பத்து வருஷமாக எல்லாரும் சொல்லியாயிற்று. இருந்தாலும் அதை ஒருமுறை திறந்து, அது தேடுவதைப் பார்த்து, “இல்ல” என்று மூடினால்தான் அவருக்கு அடுத்த வேலை ஓடும்.

அடுத்து, பட்டனைத் தேடும் படலம். ஒரு கம்பெனி அதை ஸ்மார்ட் வியூ என்கிறது, இன்னொன்று காஸ்ட் என்கிறது, மற்றொன்று ஸ்கிரீன் மிரரிங், வேறொன்று ஒயர்லெஸ் டிஸ்ப்ளே. போன மாதம் ஓரிடத்தில் இருந்தது, அப்டேட் வந்த பிறகு இருப்பதில்லை. 1967-ல் தானா ராத்தா பங்களாவிலிருந்து சும்மா நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பிய தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சனை ராணுவம், போலீஸ், பூர்வகுடிகள் என்று எல்லாரும் காட்டில் தேடியும் இன்றுவரை கிடைக்கவில்லை. மாமா அந்தப் பட்டனைப் பதினேழு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஒப்பிட்டுப் பார்த்தால் சாதனைதான்.

இந்த இடத்தில் மாமா சொல்லிக்கொடுத்த ஒன்றை நானும் சொல்கிறேன். ஒயரில்லாமல் படம் போவதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, கண்ணாடி மாதிரி. டேப்லட் தன் முகத்தில் தெரிவதையெல்லாம் நொடிக்கு நொடி சுருட்டி டிவிக்கு அனுப்ப வேண்டும். கொழுந்துக் கூடையை முதுகில் போட்டு நிறுக்கிற இடம்வரை சுமப்பது மாதிரி. சுமக்கிறவர் நின்றால் கொழுந்தும் நின்றுவிடும். 2012-ல் வந்த மிராகாஸ்ட் இந்த வகை. இதற்கு வீட்டில் இணையமே வேண்டாம், நடுவில் மோடமும் வேண்டாம். இரண்டு பெட்டியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். ஐபேட் இந்தப் பேச்சில் சேராது, அதற்கு ஏர்ப்ளே என்று தனிக் குலாச்சாரம். இரண்டாவது வழி, துண்டுச்சீட்டு. பையனிடம் சீட்டெழுதிக் கொடுத்துத் தோட்டத்துக் கடைக்கு அனுப்பினால் கடைக்காரர் அரிசி மூட்டையை வீட்டில் இறக்கிவிடுவார். பையன் மூட்டையைத் தூக்குவதில்லை. 2013-ல் வந்த குரோம்காஸ்ட் அப்படி. டேப்லட் முகவரியை மட்டும் சொல்லும், டிவி தானே இணையத்துக்குப் போய்ப் படத்தை எடுத்துவரும். இதற்குச் சீட்டும் கடையும் ஒரே தோட்டத்தில் இருக்க வேண்டும், அதாவது டேப்லட்டும் டிவியும் ஒரே வைஃபையில்.

மாமாவுக்கு இவ்வளவும் தெரியும். தெரிந்தும் என்ன? மேல் லயத்தில் ஒரு வீட்டில் எப்போது துண்டுச்சீட்டு முறையில் படம் போட்டாலும் பாதியில் நின்றுவிடும். மாமா மூன்று நாள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “மூடுபனி” என்று முடிவு சொன்னார். விஷயம் அதுவல்ல. அந்த வீட்டு இணையம் மொத்தமும் அப்பாவின் கைத்தொலைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஓடியது. இடைவேளைக்கு அப்பா எழுந்து சிகரெட் வாங்கக் கடைக்குப் போவார். வீட்டின் இணையம் அவர் சட்டைப்பையில் ஏறிக் கூடவே போகும். இன்னொரு வீட்டில், காசு கட்டிப் பார்க்கும் செயலி ஒன்றில் படத்தைத் திறந்து, அதைக் கண்ணாடி முறையில் டிவிக்கு ஏற்றினார். வசனம் கேட்டது, எழுத்து ஓடியது, ஆளைக் காணோம். திருட்டுப் பிரதி எடுக்காமலிருக்கச் சில செயலிகள் திரையைப் பூட்டிவிடும், அதனால்தான் அது. மாமா அசரவில்லை. “படம் வருது தம்பி. கறுப்பா வருது, அவ்வளவுதான்.”

எங்கள் வீட்டுக்கு வருவோம். கண்ணாடி முறைதான் என்று தீர்மானித்து டேப்லட்டைத் தேடவிட்டார். பட்டியல் வந்தது. எங்கள் டிவியின் பெயர் அதில் இரண்டு தடவை இருந்தது.

“ரெண்டு இருக்கே மாமா” என்றாள் மகள்.

“டிவிக்கு ஒன்னு, ரிமோட்டுக்கு ஒன்னு.” யோசிக்கக்கூட இல்லை. “மேல உள்ளதுதான் நம்மளது.”

மேல் உள்ளதைத் தட்டினார். டேப்லட் சற்று நேரம் சுற்றியது. ‘இணைந்தது’ என்றது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்து டிவியைப் பார்த்தார். டிவியில் சீரியல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

“ஆயிருச்சு” என்றார்.

“எங்க மாமா?”

“ஆயிருச்சுன்னு எழுதியிருக்குல்ல?”

1885-ல் வில்லியம் கேமரன் இந்த மலைக்கு வந்து, மேலே அருமையான சமவெளி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் சரியாகக் குறிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் வருஷக்கணக்கில் தேடினார்கள். கண்டது உண்மை, இடம்தான் பிறருக்குத் தெரியவில்லை. அவர் பெயரை மலைக்கே வைத்திருக்கிறோம். மாமாவை மட்டும் ஏன் சந்தேகிக்க வேண்டும் என்று நான் பேசாமலிருந்தேன்.

சோதனைக்காகக் காவடி வீடியோவைத் திறந்து ஓடவிட்டார். டேப்லட்டில் ஓடியது, சத்தமில்லாமல். “சவுண்டு டிவிக்குப் போயிருச்சு பாத்தீங்களா? பாதி வேல முடிஞ்சிருச்சு.” எங்கள் டிவியோ பாத்திரம் கழுவும் சோப்பைப் பற்றி மட்டுமே பேசியது. மாமா டிவிக்குப் பின்னால் போனார். அங்கே இருந்தபடியே, “இப்ப வருதா?” என்றார்.

“வரல மாமா.”

“இப்ப?”

அப்போதுதான் அந்த வாசனை. கற்பூரம் மாதிரி லேசாக ஆரம்பித்து, கூரை இடைவெளி வழியாகப் புகை தெரிந்தது. மாமா மோப்பம் பிடித்தார். முகம் மாறிவிட்டது. “சர்க்கிட்டு கருகுது! தள்ளுங்க, தள்ளுங்க!” ஓடிப்போய் மெயின் சுவிச்சை அடைத்தார். விளக்கு போனது, டிவி போனது, மோடம் போனது, அரைத்துக்கொண்டிருந்த சட்னியும் போனது. வெளியே பனி. உள்ளே இருட்டு. இருட்டில் மாமாவின் கையில் டேப்லட் மட்டும் வெளிச்சமாக, ஒரு காவடி சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

சத்தம் பக்கத்து வீட்டில் இருந்தது.

மகள்தான் முதலில் கவனித்தாள். “மாமா, இங்க ஆடுது, அங்க அடிக்கிறாங்க.” காவடிக்காரர் காலைத் தூக்கி வைக்க, அரை நொடி கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் உறுமி விழுந்தது. மறுபடி கால், மறுபடி உறுமி. நடுவில் ஒரு குரல்: “முருகா! முருகா!”

பக்கத்து வீட்டில் இருப்பவர் ஆயா. ஒரு காலத்தில் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர், அதனால் அறுபது வயதுக்காரருக்கும் அவர் ஆயாதான். கோலாலம்பூரில் இருக்கும் மகன் போன தீபாவளிக்கு அவருக்கு ஒரு டிவி வாங்கிக் கொடுத்தார். நாங்கள் வாங்கிய அதே கடை, அதே மலிவு விற்பனை, அதே மாடல். பட்டியலில் ஒன்று ரிமோட்டுடையது அல்ல, மேலே இருந்தது ஆயாவின் டிவி. அந்த டிவி எதையாவது கேட்டால் ஆயா நடுவில் இருக்கும் வட்டப் பட்டனை அமுக்குவார், “கேக்குதே, பாவம்” என்று. அன்றைக்கும் ஏதோ அனுமதி கேட்டிருக்கிறது. கொடுத்துவிட்டார்.

நாங்கள் போனபோது தட்டில் கற்பூரத்தோடு டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஆயா மலையை விட்டு இறங்கி எத்தனையோ வருஷமாகிறது. தாப்பா வழியாக மட்டும் இறங்கிய காலத்தில் வளைவுக்கு ஒரு வாந்தி எடுத்து, இனி பஸ் ஏறுவதில்லை என்று சபதம் போட்டவர். சிம்பாங் பூலாய் ரோடு வந்தும் சபதத்தைத் திருப்பி எடுக்கவில்லை. “நான் போவல, அவனே மேல ஏறி வந்துட்டான்” என்றார் எங்களைப் பார்க்காமலே. பிறகு பார்த்தார். “ஓரமா நில்லுங்கடா, சாமி மறைக்குது.”

மாமாவுக்கு விஷயம் புரிந்த நொடியை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். டேப்லட்டைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், டேப்லட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மின்சாரம் இல்லாத வீட்டிலிருந்து, மோடம் செத்த பிறகும், ஒரு சுவரைத் தாண்டி, படமும் சத்தமும் பிசிறில்லாமல் வந்திருக்கிறது. அவர் வாழ்க்கையிலேயே சுத்தமான கனெக்சன் அதுதான். சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் திரையின் மேல்பக்கம் ஒரு கோழி வந்தது. மகளின் பண்ணைக் கோழி. தீனி போட்டு நாளாயிற்று என்று முறையிட வந்திருக்கிறது. கண்ணாடி முறையில் இது ஒரு கஷ்டம், டேப்லட்டுக்கு வருகிற ஓலையெல்லாம் டிவியிலும் வாசிக்கப்படும். காவடிக்கு மேலே சிவப்புக் கொண்டையோடு அது இரண்டு தடவை தலையாட்டியது.

ஆயா கற்பூரத் தட்டை நிறுத்தினார். “கோழி எதுக்குடா வந்துச்சு?”

எனக்கு வாய் வரவில்லை. மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். மாமா ஒரு அடி முன்னால் வந்தார். “என்னா ஆயா இப்படிக் கேக்குறீங்க? முருகன் கொடியில வேற என்னா இருக்கும்?”

ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பட்டியலில் கீழே உள்ள பெயரைத் தட்டி எங்கள் டிவியைச் சரிசெய்வதாக மாமா சொல்லியிருந்தார். மதியம் மலையேறி வந்தவர் வாசலில் பூட்ஸ் கழற்றும்போது, பக்கத்துத் திண்ணையிலிருந்து ஆயா கேட்டார்: “டேய், நேத்து போட்டாங்களே, அது இன்னைக்கு எத்தன மணிக்கு?”

மாமா பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ராத்திரி ஒன்பது மணிக்கு லாரி கிளம்ப வேண்டும்.

“எட்டு மணிக்கு ஆயா.”

எட்டு மணிக்கு எங்கள் வீட்டில், டிவிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். ப்ளூடூத்தைத் திறந்து மூடினார். பட்டியலில் மேல் உள்ளதைத் தட்டினார். காவடியை ஓடவிட்டு, தலையைத் தூக்கிக் கூரை இடைவெளியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

“இப்ப வருதா?”

அந்தப் பக்கத்திலிருந்து உடனே பதில் வந்தது.

“வருது, வருது! கோழியத்தான் இன்னும் காணோம்!”